அரிவாளுக்கு அடங்காத பார்த்தீனியம்! பூத்த பிறகு வெட்டி என்ன லாபம்?

சென்னை நகரில் நாலு தூறல் விழுந்தால் போதும். ரோட்டோரம், ரயில்வே வேலி, மேம்பாலத்து அடி, விலை போகாமல் கிடக்கும் மனை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் அந்தச் செடி தலை தூக்கி விடுகிறது. கேரட் இலை மாதிரி இலை. உச்சியில் ஜவ்வரிசியை இறைத்தது போல வெள்ளைப் பூ. மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் தினமும் பார்க்கிற செடிதான். பெயர் பார்த்தீனியம்.

பார்க்கப் பரம சாது. தொட்டால்தான் தெரியும் சங்கதி!

செடி முழுக்கப் பூனை முடி போல மெல்லிய ரோமம் இருக்கிறது. உள்ளே பார்த்தீனின் என்ற விஷச் சத்து. அடிக்கடி இதில் புழங்குகிறவர்களில் சிலருக்குக் கை, கழுத்து, கண் இமை எல்லாம் தடித்து, அரித்து, தோல் கறுத்துப் போகிறது. ஒரு தடவை ஒவ்வாமை பிடித்து விட்டால் அப்புறம் செடியைத் தொடக்கூட வேண்டாம், காற்றில் வரும் தூசியே போதும். மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மல், இளைப்பு. மாடு மேய்ந்தால் பால் கசக்கும். தன் பக்கத்தில் வேறு புல் பூண்டு முளைக்காதபடி மண்ணையும் கெடுத்து வைக்கும்.

கப்பலில் வந்த வினை

இதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். நம் நாட்டில் 1955-ல் புனே நகரக் குப்பைமேட்டில் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்தது என்பது ஊரறிந்த கதை. பி.எல்.480 ஒப்பந்தத்தின் மேல்தான் எல்லோரும் பழி போடுவார்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-ல். முந்தின வருஷமே முளைத்து நின்ற செடிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்? அதற்கு முன்பே, 1951-லிருந்து, அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கிக் கொண்டுதான் இருந்தது. எந்தக் கப்பல் என்பது கிடக்கட்டும். வந்தது வந்தாச்சு, இனி போகிற உத்தேசம் இல்லை.

வருஷம் தவறாமல் வெட்டுகிறார்கள். வருஷம் தவறாமல் முளைக்கிறது. இது ஏன்?

வெட்டுகிற நேரமும் தப்பு, வெட்டுகிற விதமும் தப்பு. அதுதான் விஷயம்.

விதை முளைத்து ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதத்தில் பூத்து விடுகிற செடி இது. ஒரு செடியில் 15 ஆயிரம், 20 ஆயிரம் விதை என்பது சர்வ சாதாரணம். விதை ஒவ்வொன்றும் கடுகை விடப் பொடிசு. மண்ணுக்குள் புதைந்தால் வருஷக் கணக்கில் உயிரோடு கிடக்கும்.

புதர் இடுப்பளவு வளர்ந்து, யாராவது புகார் கொடுத்து, ஆள் வந்து அரிவாளைத் தூக்குகிறபோது செடி பூத்துக் காய்த்து முடித்திருக்கும். அரிவாள் பட்ட அதிர்ச்சியில் விதை உதிர்கிறது. பாக்கி லாரியில் ஏறுகிறது. மேலே தார்ப்பாய் கட்டாவிட்டால் போகிற வழியெல்லாம் விதைப்புத்தான். கொட்டுகிற இடத்தில் அடுத்த மழைக்கு ஒரு புதுத் தோட்டம்! வேர் இருந்த இடத்திலேயே இருப்பதால், வெட்டிய கட்டையிலிருந்தும் நாலு கிளை வெடித்துக் கிளம்பும். ரோடு போட, பள்ளம் மூட எடுத்துப் போகிற மண்ணிலும் விதை சவாரி செய்கிறது.

ஆகஸ்டிலா? ஐப்பசியிலா?

பார்த்தீனிய ஒழிப்பு விழிப்புணர்வு வாரம் என்று ஒன்று நாடு முழுவதும் வருஷா வருஷம் நடக்கிறது. ஆகஸ்ட் 16 முதல் 22 வரை. ஜூன், ஜூலையில் மழை கொட்டும் வடக்கத்தி ஊர்களுக்கு அந்தத் தேதி பொருத்தம். சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகஸ்டில் போட்டோ பிடித்துப் பேப்பரில் போட்டு விட்டு, செடி படை எடுக்கிற நவம்பரில் கையைக் கட்டிக் கொண்டிருந்தால் எப்படி?

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. கர்நாடக அரசு 1975-லேயே இதைத் தீய களை என்று அறிவித்தது. நிலத்துக்காரர்தான் அகற்ற வேண்டும். ஆனால் ரோட்டோரத்துக்கு நிலத்துக்காரர் யார்? ரோடு ஒரு இலாகா, கால்வாய் ஒரு இலாகா, வேலிக்கு அப்பால் ரயில்வே. செடிக்கு எல்லைக் கல் தெரியுமா?

தமிழ்நாட்டில் கோபமெல்லாம் மரங்கள் மேல்தான். சீமைக் கருவேலத்தை ஒழிக்கச் சொல்லி 2017 தொடக்கத்தில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை விரட்டியது. ஏப்ரலில் சென்னையில் முதல் பெஞ்ச் அதற்குத் தடை போட்டது. 2022-ல் அரசு வெளியிட்ட அன்னியச் செடி ஒழிப்புக் கொள்கையின் பார்வை பெரும்பாலும் காட்டின் மேல். அழகுக்கென்று ரோட்டில் நட்ட கோனோகார்பஸ் மரத்துக்கு 2025-ல் தடை வந்தது. யாரும் நடாமலே வளரும் இந்தப் பூண்டுக்கு எந்தத் தடையைப் போடுவது?

வண்டு விட்டுப் பார்த்ததும் உண்டு. மெக்சிகோவிலிருந்து ஜைகோகிராம்மா என்ற வண்டைக் கொண்டு வந்து 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். மழைக் காலத்தில் இலையை மொட்டையடித்துத் தள்ளும். மண் காய்ந்தால் பூமிக்குள் போய்த் தூங்கி விடும். நடுவில் சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று புகார் கிளம்பி, வண்டே கூண்டில் ஏற வேண்டியதாயிற்று.

லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல் உப்பு கரைத்து, கொஞ்சம் சோப்புத் திரவம் சேர்த்துத் தெளித்தால் செடி கருகும். ஆனால் மரத்தடியில் தெளித்தால் மரத்துக்கும் கேடு.

கையுறை எங்கே?

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ வைப்பதற்கு முன்பே, வேரோடு பிடுங்குவதுதான் பலன் தருகிற வழி. பூக்காத செடியை மக்க வைத்து உரமாக்கலாம். மண்ணில் பழைய விதை கிடப்பதால் ஒரே மழைக் காலத்தில் இரண்டு மூன்று தடவை பிடுங்க வேண்டும். காலியான இடத்தில் ஆவாரை, கொழிஞ்சி, தகரை விதையைத் தூவினால் அவை நெருக்கிக் கொண்டு வளர்ந்து இதற்கு இடம் விடாது.

பிடுங்குவது யார்? துப்புரவுத் தொழிலாளர்கள்தான். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு இந்தச் செடியைப் பிடுங்கினால் என்ன ஆகும்? ரோமமும் மகரந்தமும் துணியிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். சாயந்திரம் குழந்தையைத் தூக்கும்போது அதே தலைப்புத்தான் முகத்தில் படும். முழங்கை வரை ரப்பர் கையுறை, மூக்குக்குத் துணி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவத் தண்ணீர். இதற்கு என்ன பெரிய செலவு?

அடுத்த ஐப்பசிக்கான டெண்டரில் இந்த மூன்றையும், ‘வேரோடு, பூப்பதற்கு முன், இரண்டாம் தடவையும்’ என்ற வார்த்தைகளையும் சேர்க்க ஒரு குமாஸ்தாவுக்கு அரை மணி நேரம் போதும். கடை வாசலில் இரண்டு செடி நிற்பதைப் பார்க்கிற வியாபாரிகள் டெண்டருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு இழுத்தால், ஈர மண்ணில் செடி சுலபமாக வந்து விடும்.