இறக்கத்தில் தெரியும் புகை

2023 இல் ஒரு காலைப் பொழுது. உவர்மலையிலிருந்து உட்துறைமுக வீதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். என் தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனரின் பின்னால் நீலப்புகை திரண்டு எழுந்தது. எஞ்சினை முழுதாகப் பிரித்துப் புதுப்பித்து மூன்று வாரங்கூட ஆகியிருக்கவில்லை. சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு, என் நான்கு மாதச் சம்பளத்தை விழுங்கிய வேலை அது. திரும்பவும் கராஜுக்குப் போனேன். ரிங் படிய ஆயிரம் மைல் ஓடவேண்டும் என்றார்கள். ஓடினேன், புகை குறையவில்லை. அப்படியானால் மீண்டும் பிரிக்கத்தான் வேண்டும் என்றார்கள்.

கையில் பணமில்லாததால் தப்பினேன். தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் பொனற்றைத் திறக்கவேயில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்: "தம்பி, மலை ஏறேக்க புகைக்குதோ, இறங்கேக்க புகைக்குதோ?"

ரிங் தேய்ந்த எஞ்சின் பெரும்பாலும் பாரம் இழுக்கும்போது, அதாவது ஏற்றத்தில் புகைக்கும். வால்வு சீல் கெட்ட எஞ்சினோ, இரவு முழுவதும் நின்றபின் காலையில் இயக்கும்போதும், அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வரும்போதும் புகைக்கும். இறக்கத்தில் காற்று வழி ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்களோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றுக்குப் பதிலாக வால்வுத் தண்டின் ஓரமாக எண்ணெய் உள்ளே இழுபடும். அதைத் தடுப்பதற்கென்றே தண்டில் மாட்டப்படும் சிறு இறப்பர் வளையம்தான் சீல்.

பெரியவர் பிளக் துவாரத்தின் வழியாக மீன்பிடி நைலோன் கயிற்றை நுழைத்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வால்வு கீழே விழாதபடி தாங்கச் செய்தார். ஹெட்டைக் கழற்றாமலே ஒரே பகலில் எட்டு வால்வுகளின் சீல்களையும் மாற்றினார். கழற்றிய வளையங்கள் கல்லாக இறுகி, நகம் பட்டாலே நொறுங்கின. பழையவற்றையே திரும்பப் பூட்டியிருந்தார்கள்!

ஹெட் கழற்றப்பட்டால், நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் சீல்களை மாற்றியே ஆகவேண்டும் என்பது என் கருத்து. முழுச் செலவில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. விட்டுவிட்டாலோ எண்ணெய் எரிந்து பிளக்கில் கரி பிடிக்கும். பழியை ரிங் சுமக்கும். எஞ்சின் வீணாக மறுபடி பிரிக்கப்படும்.

அதற்காகச் சீலை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். வால்வுத் தண்டு ஓடும் 'கைட்' தேய்ந்து தண்டு ஆடினால், புதிய சீலும் விரைவில் கெடும். அந்த ஆட்டத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கடை அலுமாரியில் பல வருடங்கள் கிடந்த இறப்பர், உறை பிரிக்கப்படாமலே இறுகியிருக்கக் கூடும். வளைத்துப் பார்த்து வாங்குங்கள். கூடுதல் வெப்பம் தாங்கும் வைட்டன் வகை கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தேனும் அதையே தேர்ந்தெடுங்கள்.

குறை கராஜ்காரர்களுடையது மட்டுமா? எவ்வளவு முடியும், எப்போது தருவீர்கள் என்றுதான் நாமும் கேட்கிறோம். எதை மாற்றினீர்கள், பழையதைக் காட்டுங்கள் என்று கேட்பதில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய காரைத் திருத்தி ஓட்டுவதே பல குடும்பங்களுக்கு இருந்த ஒரே வழி. அத்தகைய குடும்பத்தின் சேமிப்பு ஒரு தவறான கணிப்பால் கரைவது சிறிய விடயமல்ல.

மறுநாள் காலை அதே உவர்மலையில் இறங்கினேன். பின்கண்ணாடியில் வீதி தெளிவாகத் தெரிந்தது. உங்கள் பழைய கார் புகைத்தால், எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்குமுன் ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள். அதற்குச் செலவு எதுவுமில்லை.