நாடு கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலம் வந்துவிட்டால் கணிதப் பிரிவு மாணவிகளின் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "இஸட் புள்ளி காணாது போல இருக்கு. அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புவோமா?" அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே ஒழுங்கில்தான் நகர்கிறது. முதலில் நாடு முடிவாகும். அடுத்து ஒரு முகவர் அலுவலகம். அங்கே சொல்லப்படும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள். பிறகு கட்டணம். எல்லாம் முடிந்து, படிவம் நிரப்பும் நாளில்தான் "எந்தப் பொறியியல்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் யோசிக்க மாணவிக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே என் கருத்து. எந்தத் துறை, எந்தப் பட்டம், எவ்வளவு பணம் என்ற மூன்றும் முதலில். நாடு கடைசியில். பேராதனையில் குடிசார் பொறியியல் படித்து, பின்னர் புலமைப்பரிசிலோடு மெல்பேர்னில் ஆய்வுப் பட்டம் செய்தவள் நான். அங்கே முதலாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகளும் எடுத்தேன். இரண்டு பக்கத்தையும் பார்த்ததால் இதைச் சொல்லத் துணிகிறேன்.

முகவர்களைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. பத்திரங்களை ஒழுங்காகத் தயாரித்துத் தரும் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான முகவர்களுக்குத் தரகுப் பணம் கொடுப்பது பல்கலைக்கழகமே. தம்மோடு ஒப்பந்தம் இல்லாத பல்கலைக்கழகத்தைப் பற்றி அவர்கள் பேசுவது குறைவு. "மகளை இலங்கையிலேயே படிக்க வையுங்கள்" என்று சொல்வதால் அவர்களுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆகவே அங்கே போய்க் கேட்பதற்கு முன் வீட்டில் இருந்து நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் உண்டு.

முதற் கேள்வி துறை பற்றியது. பொறியியல் என்பது ஒரு தொழிலின் பெயர் அல்ல, பல தொழில்களின் பொதுப் பெயர். வானூர்திப் பொறியியல் என்ற பெயர் கேட்கவே இனிமையாக இருக்கும். ஆனால் அவுஸ்திரேலியாவில் அந்தத் துறை வேலைகளில் கணிசமானவை பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் குடியுரிமை வேண்டும். மாணவ விசாவில் வந்த பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியானாலும் அந்தக் கதவு அவளுக்கு உடனே திறக்காது. சுரங்கப் பொறியியலுக்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் நல்ல சம்பளம் உண்டு. ஆனால் வாரக்கணக்கில் சுரங்கத்தளத்தில் தங்கி வேலை செய்ய நேரும். ஊர் திரும்பினால் போகலவிலும் கஹட்டகஹவிலும் காரீயச் சுரங்கங்கள், புல்மோட்டையில் கனிய மணல் என்ற அளவில்தான் நமக்குச் சுரங்கத் தொழில். பெற்றோலியம் படித்தவருக்கு இந்நாட்டில் உள்ள சுத்திகரிப்பு நிலையம் சப்புகஸ்கந்தை ஒன்றே. மாறாக, வீதியும் பாலமும் குடிநீரும் மின்சாரமும் எந்த நாட்டுக்கும் வேண்டியவை. குடிசார், மின், இயந்திரப் பொறியியல் படித்தவர்களுக்கு அங்கும் இங்கும் இடமிருக்கிறது.

ஆசைப்பட்ட துறையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள் என்கிறேன். அங்குள்ள பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு எல்லாத் துறைக்கும் பொதுவானது. அதை முடித்த பின் துறையைத் தேர்வு செய்யலாம். இன்னும் முடிவெடுக்காத மாணவிக்கு அது பெரிய வசதி. விண்ணப்பிக்கும் பட்டத்தில் அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் கேள்வி பட்டத்தின் அங்கீகாரம். இதைத்தான் பெற்றோர் அதிகம் கவனிப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் பொறியியல் பட்டங்களைப் பரிசீலித்து அங்கீகரிக்கும் அமைப்பு எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியா. அது மூன்று படிகளைப் பிரித்திருக்கிறது. நான்கு ஆண்டு சிறப்புப் பட்டம் படித்தவர் தொழில்சார் பொறியியலாளர். மூன்று ஆண்டுப் பட்டத்துக்குப் பொறியியல் தொழில்நுட்பவியலாளர் என்ற படி. இரண்டு ஆண்டுப் படிப்புக்கு அதற்கும் கீழான உதவிநிலைப் படி. மூன்றின் பெயரிலும் "எஞ்சினியரிங்" என்ற சொல் இருக்கும். சான்றிதழைச் சட்டமிட்டு வரவேற்பறையில் மாட்டினால் ஒன்றுபோலவே தெரியும். தொழிலில் அவை ஒன்றல்ல.

பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களிலும் இந்தக் கவனம் தேவை. மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் 2008 முதல் முறை வேறு. அங்கே மூன்று ஆண்டு இளமாணிப் பட்டம் முடித்து, மேலும் இரண்டு ஆண்டு முதுமாணி படித்தால்தான் தொழில்சார் பொறியியலாளர் ஆகலாம். தரமான படிப்புத்தான். ஆனால் நான்கு ஆண்டுக்கெனப் பணம் சேர்த்த வாப்பா ஐந்தாம் ஆண்டுக்கும் சேர்க்க வேண்டும். கணினி விஞ்ஞானப் பட்டம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதை மதிப்பிடுவது அவுஸ்திரேலியக் கணினிச் சங்கம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பொறியியலாளர் என்று பதிவு செய்ய முடியாது.

நான்கு ஆண்டு அங்கீகாரத்துக்குப் பின்னால் வொஷிங்டன் உடன்படிக்கை இருக்கிறது. 1989இல் தொடங்கிய அந்த உடன்படிக்கையில் அவுஸ்திரேலியா ஆரம்பம் முதலே உறுப்பு நாடு. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு உறுப்புரிமை பெற்றது. ஒரு நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தை மற்ற நாட்டு அமைப்பும் சமமாக ஏற்கும் என்பதே அதன் சாரம். ஊருக்குத் திரும்புபவர்களுக்கும் இது முக்கியம். 2017ஆம் ஆண்டுப் பொறியியல் பேரவைச் சட்டத்தின்படி இங்கே பொறியியல் தொழில் செய்யப் பதிவு வேண்டும். எந்தப் படியில் பதிவு என்பதைப் பட்டமே தீர்மானிக்கும்.

இந்த உடன்படிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கீகாரம் பெற்ற இலங்கைப் பட்டமும் அங்கே ஏற்கப்படும்! மொறட்டுவை, பேராதனை, ருகுணு, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று அரச பொறியியற் பீடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இடம் கிடைத்த பிள்ளை, "மொறட்டுவை கிடைக்கவில்லையே" என்று அந்த இடத்தைக் கைவிட்டு வெளிநாடு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் கேள்வி பணம். கணக்கை நேராகவே போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு மாணவர்களுக்கான பொறியியற் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 35 ஆயிரம் டொலர் முதல் 55 ஆயிரத்துக்கு மேலும் இருக்கிறது. நடுவே 45 ஆயிரம் என்று கொள்வோம். நான்கு ஆண்டுக்கு ஒரு இலட்சத்து 80 ஆயிரம். வாழ்க்கைச் செலவுக்கு வருடத்துக்கு 29,710 டொலர் காட்ட வேண்டும் என்பது 2024 மே முதல் உள்ள விசா விதி. நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்து 19 ஆயிரம். ஆக மூன்று இலட்சம் டொலர். ஒரு டொலரை 200 ரூபாய் என்று வைத்தாலும் 6 கோடி ரூபாய். விமானச் சீட்டும் மருத்துவக் காப்புறுதியும் தனி. 2025 ஜூலை முதல் விசாக் கட்டணம் மட்டும் 2,000 டொலர். விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. கட்டணமும் ஆண்டுதோறும் கூடுவது வழமை. கடிதத்தில் இருக்கும் முதலாண்டுத் தொகையை நான்கால் பெருக்கினால் போதாது.

"பிள்ளை வேலை செய்து சமாளிப்பாள்" என்று பலர் சொல்கிறார்கள். மாணவ விசாவில் படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 2025 ஜூலையில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர். வாரம் 24 மணித்தியாலமும் முழுதாக வேலை செய்தால் வரி கழிக்க முன் 600 டொலர். அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரி. பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. இதோடு, நான்கு பாடங்களுக்குத் தலா பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் படிக்க வேண்டும். இரவு வேலை முடித்து வந்து காலை வகுப்பில் கண் செருகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய வீட்டில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

ரூபாயை நம்பியும் திட்டமிட முடியாது. 2022இல் சில வாரங்களுக்குள் அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐக் கடந்ததை மறந்திருக்க மாட்டோம். அன்று பாதி வழியில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாட்டை அவர்களே அறிவார்கள்.

கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் வழமை. அந்தப் பணத்தை மகளின் படிப்புக்குக் கொடுக்க முன்வரும் பெற்றோரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அது இரண்டு ஆண்டுக்குத்தான் போதும் என்றால் கடைசியில் வீடும் இராது, பட்டமும் இராது. மிச்சத்துக்கு வட்டிக் கடன் எடுக்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குவது நம் மார்க்கத்துக்கும் பொருந்தாது, கணக்குக்கும் பொருந்தாது.

பெண் பிள்ளை தனியே தூர தேசத்தில் தங்குவது பற்றிய மார்க்கச் சட்டத்தை நான் இங்கே பேசவில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டு ஒவ்வொரு குடும்பமும் தெளிவு பெறட்டும். அங்குள்ள நடைமுறையை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தொழுகை அறை இருக்கிறது. மெல்பேர்னில் டண்டினோங், பிரஸ்டன் போன்ற இடங்களிலும், சிட்னியில் லக்கெம்பாவிலும் பள்ளிவாசலும் ஹலால் கடைகளும் அருகருகே உண்டு. ஜூன் மாதத்தில் மெல்பேர்னில் ஐந்து மணி கடந்த உடனே மஃரிப் வந்துவிடும். பிற்பகல் ஆய்வுகூட வகுப்புக்குள் அஸர் கடந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டால் பெரும்பாலான விரிவுரையாளர்கள் பத்து நிமிடம் விடுவார்கள். வேலைத்தளத்தில் தலைக்கவசத்துக்குக் கீழே ஹிஜாப் அணிந்து நிற்கும் பெண்களைக் கண்டிருக்கிறேன். சுழலும் இயந்திரங்களின் அருகே முந்தானை தொங்காமல் உள்ளே செருகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கும் பொறியியலாளர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கு இல்லை. பட்டம் பெறத் தொழிற்பயிற்சி வேண்டும். பல இடங்களில் அது 12 வாரம். அந்த இடத்தை மாணவியே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். விளம்பரங்களில் பல, குடியுரிமை உள்ளவர்களையும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களையுமே கேட்கும். அறிமுகங்கள் சில வேளை மதுச்சாலையில் நடக்கும் மாலைக் கூட்டங்களில் உருவாகும். அங்கே போகாத நம் பிள்ளை வேறு வழி தேட வேண்டும். எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியாவில் மாணவர் உறுப்புரிமை இலவசம். பெண் பொறியியல் மாணவியர் சங்கங்கள் இருக்கின்றன. முதலாண்டிலேயே இவற்றில் சேர்கிற பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டில் வழி தெரியும்.

அப்படியென்றால் யார் போகலாம்? சிறிய வித்தியாசத்தில் அரச இடத்தைத் தவறவிட்ட, துறையைத் தெரிந்தே விரும்புகிற, குடும்பம் கடன்படாமல் முழுக் காலத்துக்கும் செலவழிக்கக்கூடிய மாணவி தயங்காமல் போகட்டும். அரச பீடத்தில் இடம் கிடைத்தவள் இங்கேயே படிக்கட்டும். நல்ல வகுப்பில் சித்தியெய்தினால், கட்டணத்தையும் மாதாந்தக் கொடுப்பனவையும் தரும் ஆய்வுப் புலமைப்பரிசில்களுக்கு அவளும் போட்டியிடலாம். இளமாணிப் படிப்புக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதிக் கழிவுதான். இரண்டு வழியும் கூடாதவளுக்கு, இங்கே ஆரம்ப ஆண்டுகளைப் படித்து அங்கே முடிக்கும் பட்டங்களும் இருக்கின்றன. அவற்றிடமும் அதே அங்கீகாரக் கேள்வியைக் கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகனுக்கென்றால் காணியை விற்றாவது அனுப்பத் தயாராகும் வீடுகள், மகளுக்கென்றால் "வெளிநாடு சரிவராது" என்ற ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகின்றன. வெளிநாடு வேண்டாம் என்பது உங்கள் முடிவாக இருக்கலாம். அதற்காகப் பொறியியலே வேண்டாம் என்று ஆக்கிவிடாதீர்கள். அவுஸ்திரேலியா கூடாவிட்டால் ஒலுவில் இருக்கிறது, பேராதனை இருக்கிறது.

தங்கைமாரே, முகவரின் மேசைக்கு முன்னால் உட்கார்வதற்கு முன் ஒரு தாளில் மூன்று கேள்விகளையும் எழுதிப் பதிலை நீங்களே தேடுங்கள். 2024 மார்ச் முதல் விசா விண்ணப்பத்திலும் ஏன் இந்தப் படிப்பு என்பதை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும். அந்தப் பதிலை விண்ணப்பத்தில் எழுதுவதற்கு முன் உங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது விளங்கினால் நீங்கள் ஆயத்தமாகிவிட்டீர்கள். அல்லாஹ் உங்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக.