க்ரைம் நாவலாசிரியரிடம் யார் கேட்பது?

மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா என்று வந்த பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தாளர்களை நேரில் பார்ப்பது எளிதாகியிருக்கிறது. 2022 நவம்பர் 26, 27 தேதிகளில் பாளையங்கோட்டையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான்; அதற்குள் பொதிகை புத்தகத் திருவிழா என்று நமக்கும் ஒன்று வந்துவிட்டது. வீ.கே.புதூரிலிருந்து சுரண்டை வழியாகப் பஸ் ஏறினால் போதும், பகல் முழுக்கப் புத்தகம், மாலையில் பேச்சு.

இந்த மாலைப் பேச்சுகளில் க்ரைம் எழுத்தாளர் வந்தால் அன்றைக்குக் கூட்டம் தனி. அம்மாக்கள் வருவார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வருவார்கள், பழைய பாக்கெட் நாவலைக் கையெழுத்து வாங்கப் பத்திரப்படுத்திக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. கேள்வி நேரம் வந்ததும் அதே நான்கு கேள்விகள்தான். இத்தனை நாவல் எப்படி எழுதினீர்கள்? கரு எங்கே கிடைக்கிறது? கொலைகாரன் யாரென்று முதலிலேயே முடிவு செய்துவிடுவீர்களா? அடுத்த படம் எப்போது? பேப்பரில் வந்த ஒரு பெட்டிச் செய்தி, ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர், போலீஸ் துறையில் இருக்கும் ஒரு நண்பர் என்று பதில் வரும். கைதட்டல், செல்ஃபி, கூட்டம் கலைந்துவிடும்.

இந்த எழுத்தையோ வாசகர்களையோ இளக்காரமாகப் பேச நாங்கள் வரவில்லை. எங்களில் பலருக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே முதலில் கிடைத்த புத்தகமே க்ரைம் நாவல்தான். நூலகத்துக்குள் நுழையத் தயங்கிய வயதில் பேருந்து நிலையக் கடையில் தொங்கிய அந்த மெல்லிய புத்தகம் யாரிடமும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கோவையிலிருந்து எழுதும் ராஜேஷ்குமாரின் முதல் சிறுகதை 1960-களின் இறுதியில் வந்தது. இதுவரை 1500 நாவல்களுக்கு மேல். சுபாவின் நரேன், வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுஜாதாவின் கணேஷ், வசந்த் எல்லோரும் எங்கள் தெருவில் வீட்டுக்குப் பழகியவர்கள். 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் பிரீதம் கே. சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இந்தக் கதைகளை ஆங்கிலத் தொகுப்பாகக் கொண்டுவந்த பிறகு, டீக்கடையில் எண்ணெய் படிந்து கிடந்த அதே எழுத்துக்கு ஆங்கில வாசகர்களிடமும் மரியாதை வந்தது. நல்லதுதான். (க்ரைம் நாவலை "இலக்கியத்தின் தீண்டத்தகாதவன்" என்று மேடைகளில் சிலர் சொல்வதுண்டு. விமர்சகர் மதிக்கவில்லை என்பதற்கு இந்தச் சொல்லை இரவல் வாங்காதீர்கள். அது வேறு வலி.)

எங்கள் கேள்வி வேறு. நாங்கள் படித்த அந்த நூற்றுக்கணக்கான நாவல்களில் சொத்துக்காகக் கொல்கிறார்கள், கள்ள உறவுக்காக, வைரத்துக்காக, பழைய பகைக்காகக் கொல்கிறார்கள். சாதிக்காக யாரும் யாரையும் கொல்வதில்லை. பெட்டிச் செய்தியிலிருந்து கரு எடுப்பவர்களின் கண்ணில் நெல்லைப் பதிப்பில் ஆணவக் கொலைச் செய்தி மட்டும் படாமல் போகுமா என்ன? துப்பறிவாளருக்குச் சாதிப் பெயர் வைக்காததை முற்போக்கு என்று சொல்லலாம். ஆனால் அவருக்குச் சென்னையில் வாடகைக்கு வீடு கேட்ட உடனே கிடைக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கை குலுக்குகிறார். சாதி எழுதப்படாமலே தெரிகிறது.

பொழுதுபோக்குக் கதைக்கு இதெல்லாம் ஒத்துவருமா, விறுவிறுப்பு போய்விடாதா என்பார்கள். கோகுல்ராஜ் வழக்கை எடுத்துப் பாருங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்குத் தோழியோடு போன பொறியியல் பட்டதாரி மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடக்கிறார். தற்கொலை என்று காட்டச் சகல ஏற்பாடும் நடந்திருக்கிறது. கோயிலின் சிசிடிவி பதிவு பேசுகிறது. முக்கிய சாட்சி பிறழ்கிறார். மகனை இழந்த தாய் விடாமல் போராடி, வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறுகிறது. 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு கோயிலுக்குப் போய் கேமரா இருந்த இடங்களையும் படிகளையும் பார்த்தார்கள். அந்த ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனை உறுதியானது. நீதிபதியே களத்துக்குப் போய்த் தடயம் பார்க்கும் காட்சியை எந்த க்ரைம் நாவலில் படித்திருக்கிறோம்? இதைவிட என்ன விறுவிறுப்பு வேண்டும்?

இதன் மறுபக்கம் வேங்கைவயல். 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. யார் செய்தது என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விசாரணை, மரபணுப் பரிசோதனை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூன்று பெயரும் அதே பட்டியல் சாதி மக்களுடையவை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களே குற்றவாளிகள் என்றது அது. ஊர் மக்கள் ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று "போலீஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று டீக்கடையில் சட்டென்று சொன்னவர்களைப் பார்த்தோம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? சினிமாவிலிருந்து, செய்தியிலிருந்து, கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் சொல்வதே உண்மை என்று முடியும் கதைகளிலிருந்தும்தான். லாக்கப்பில் "கவனித்தால்" கக்கிவிடுவான் என்று நகைச்சுவையாக எழுதப்பட்ட வரிகளைச் சிறுவயதில் நாங்களும் சிரித்துக்கொண்டே கடந்திருக்கிறோம். அந்த லாக்கப்புக்குள் இழுத்துப் போகப்படுகிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பெரிய அளவில் வெடித்தது. லிண்டா ஃபேர்ஸ்டீன் நியூயார்க் மன்ஹாட்டனில் பாலியல் குற்றப் பிரிவின் தலைமை வழக்கறிஞராக இருந்து, பிறகு புகழ்பெற்ற க்ரைம் நாவலாசிரியர் ஆனவர். 1989-இல் சென்ட்ரல் பார்க் வன்புணர்வு வழக்கில் 14 முதல் 16 வயது வரையிலான கறுப்பின, லத்தீன் சிறுவர்கள் ஐந்து பேர் சிக்கவைக்கப்பட்டபோது அந்தப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. 2002-இல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டார், மரபணுவும் பொருந்தியது, ஐவரின் தண்டனையும் ரத்தானது. அதற்குப் பிறகும் அவருக்கு மேடைக்கோ வாசகருக்கோ குறைவில்லை. 2018 நவம்பரில் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் தன் உயரிய கிராண்ட் மாஸ்டர் விருதை அவருக்கு அறிவித்தது. அந்த ஆண்டுதான் அதே சங்கத்தின் எட்கர் விருதை வாங்கியிருந்த கறுப்பின க்ரைம் நாவலாசிரியர் அட்டிக்கா லாக், இவருக்கா விருது என்று வெளிப்படையாகக் கேட்டார். இரண்டே நாளில் சங்கம் விருதைத் திரும்பப் பெற்றது. தான் தவறு செய்யவில்லை என்பதே ஃபேர்ஸ்டீனின் நிலைப்பாடு. தன்னைச் சித்தரித்த தொடர் மீது நெட்ஃபிளிக்ஸை நீதிமன்றத்துக்கு இழுத்தார், 2024-இல் அது சமரசத்தில் முடிந்தது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கேட்டவர் யார் என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து ஒரு கட்சியோ அமைப்போ கேட்கவில்லை. அதே தொழிலில் இருக்கும் ஒரு கறுப்பினப் பெண் கேட்டார். உள்ளே ஒருவர் இருந்ததால் கேள்வி எழுந்தது.

உள்ளே ஆள் இருந்தால் எழுத்தும் மாறும். வால்டர் மோஸ்லியின் முதல் நாவல் 1990-இல் வந்தது. 1948-இன் லாஸ் ஏஞ்சலஸில் வேலை பறிபோன கறுப்பின முன்னாள் படைவீரன் ஈஸி ராலின்ஸ் துப்பறிவாளன் ஆகிறான். வெள்ளைக்காரன் நுழைய முடியாத சாராயக் கடைக்குள் இவன் நுழைவான், அதற்காகவே அவனை வேலைக்கு அமர்த்துகிறார்கள். துப்பு துலக்கும்போதே போலீஸிடம் அடி வாங்குகிறான். கொலைகாரன் யார் என்ற விறுவிறுப்பு ஒரு பக்கத்திலும் குறையவில்லை. டென்சல் வாஷிங்டன் நடித்துப் படமாகவும் வந்தது. 2020-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கத்தை மோஸ்லிக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதல் கறுப்பின ஆண் அவர். சேரியிலிருந்து ஒரு துப்பறிவாளர் தமிழில் வந்தால் எந்தக் கதவு அவருக்குத் திறக்கும், எது மூடும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரர் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் இவரிடம் எல்லாவற்றையும் சொல்வார்.

அரசியல் பேசினால் க்ரைம் எழுத்தாளரின் மேடை கெட்டுவிடும் என்பதும் வெறும் பயம். பிரிட்டிஷ் உளவுத்துறையிலேயே வேலை பார்த்து உளவு நாவல் எழுதிய ஜான் லெ காரே, 2020 ஜனவரியில் ஸ்டாக்ஹோமில் ஓலோஃப் பால்மே பரிசு பெற்றபோது தன் நாட்டு ஆட்சியாளர்களைத்தான் சாடினார். வாசகர்கள் ஓடிப்போகவில்லை.

சில காலம் முன்பு ஒரு கல்லூரி விழாவுக்கு எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துப் பிள்ளைகளை அழைத்துப் போனோம். இரண்டாமாண்டு படிக்கும் மாணவி எழுந்து, "சார், உங்க கதைல எத்தனையோ கொலை இருக்கு. சாதிக்காக ஒண்ணுகூட ஏன் சார் இல்ல?" என்று கேட்டாள். எழுத்தாளர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். அதற்குள் நிகழ்ச்சியை நடத்தியவர், "இது இலக்கிய மேடைம்மா, அரசியல் வேண்டாம், அடுத்த கேள்வி" என்று தாண்டிவிட்டார். அடுத்த கேள்வி, கரு எங்கே கிடைக்கிறது என்பது. பேசத் தயாராகத்தான் இருந்தார் அந்த எழுத்தாளர் என்றே இன்றும் நினைக்கிறோம். தடுத்தது நடுவில் இருந்தவர். எழுத்தாளரைத் திட்டுவதைவிட அந்த நடு இருக்கையில் யாரை உட்காரவைக்கிறார்கள், பேச்சாளர் பட்டியலை எந்த அறையில் முடிவு செய்கிறார்கள் என்பதை நாம் கேட்க வேண்டும். புத்தகத் திருவிழா அரசுப் பணத்தில் நடப்பது. மனு கொடுக்க நமக்கு உரிமை உண்டு. நீலம் பண்பாட்டு மையத்தின் வேர்ச்சொல் கூடுகை போல நமக்கென்று மேடைகள் இருப்பது பெருமைதான், அதற்காகப் பொது மேடையை விட்டுக்கொடுக்க முடியாது.

ஆகவே, அடுத்த பொதிகை புத்தகத் திருவிழாவுக்குத் தனித்தனியாகப் போக வேண்டாம், சேர்ந்து போவோம். வரும் எழுத்தாளரின் இரண்டு நாவலாவது படித்துவிட்டு வாருங்கள்; படிக்காமல் கேட்கும் கேள்வியை யாரும் மதிக்க மாட்டார்கள். கேள்வி ஒரே வரியில் இருக்கட்டும், மைக்கைப் பிடுங்க அவகாசம் கொடுக்காதீர்கள். மரியாதையாகக் கேளுங்கள். ஒருவரைத் தாண்டிவிட்டால் அடுத்தவர் எழுந்து அதே கேள்வியைக் கேட்கட்டும். எழுத ஆசை இருக்கிறவர்கள் தங்கள் துப்பறிவாளருக்குப் பெயரும் தெருவும் யோசித்துக்கொண்டு வாருங்கள், சுரண்டை பஸ்ஸில் பேசிக்கொண்டே போகலாம்.