ஒரு பழைய ரிவால்வரும் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸும்



பத்து நாளாக ஒன்றும் எழுதவில்லையே, உடம்பு சரியில்லையா என்று நாலைந்து பேர் போன் செய்து கேட்டீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. ஏற்காட்டில் மழை விட்டுவிட்டது. காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. எழுதக் கூச்சமாக ஒரு விஷயம் இருந்தது, அதனால்தான் தள்ளிப் போட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் நான் ஒரு ரிவால்வர் வாங்க அட்வான்ஸ் கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்திய வாத்தியார், பிரம்பையே பத்து வருஷத்தில் கீழே வைத்தவர், அறுபத்தொன்பது வயதில் ரிவால்வர் வாங்கக் கிளம்பினார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்.

இந்த ஆசை எனக்கு ஏழு வயதில் பிடித்தது. அப்பா இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் மேஜை போடுவார்கள். அப்பா பேர் வாசிப்பார், துரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மேஜை மேல் பணக்கட்டு, மைக்கூடு, அதற்குப் பக்கத்தில் தோல் உறையிலிருந்து எடுத்து வைத்த ஒரு ரிவால்வர். வெப்லி என்று அப்பா சொன்னார். பிர்மிங்காமில் செய்தது. 1887 முதல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போன ரகம், ஆறு குண்டு, நடுவில் மடித்துத் திறந்தால் காலித் தோட்டாக்கள் தானாக மேலே வரும். இந்த விவரமெல்லாம் பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது அதன் கறுப்புப் பளபளப்பு மட்டும்தான். வேலையில் இருந்த காலத்திலும், எந்த ஊருக்குப் போனாலும், பழைய சாமான் கடையைக் கண்டால் ஒரு வெப்லி கிடைக்குமா என்று கண் தேடும். கிடைக்காது என்று தெரிந்தேதான் தேடினேன்.

போன மாதம் கிடைத்தது. எனக்கு மூத்த நண்பர் ஒருவர், அண்ணன் என்றே கூப்பிடுவேன், போன வருஷம் தவறிவிட்டார். தோட்டத்தை விற்றுவிட்டுப் பெங்களூரில் மகனிடம் போகிறேன் என்று அண்ணி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். புத்தகங்களைப் பிரித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். மேல் அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கி, "வாத்தியார் தம்பி, இது மாமனார் காலத்துச் சாமான். இரும்புக் கடையில போடவா, என்ன செய்யட்டும்?" என்றார்.

திறந்தேன். வெப்லி மார்க் 6. மேல் பட்டையில் 1917 என்று பொறித்திருந்தது. கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனம்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் நான் செய்த மூன்று காரியங்களைச் சொல்கிறேன். ஜன்னல் பக்கம் நீட்டிக் குறி பார்த்தேன். விசையை அழுத்தினேன். டிக்கென்று ஒரு சத்தம். "அண்ணி, நான் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிப் பையிலிருந்த ஐயாயிரத்தை மேஜையில் வைத்தேன். மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் அதை மடித்துத் திறந்து பார்த்தேன். ஆறு அறையும் காலி. பெட்டியின் அடியில் துணியில் சுற்றி, பச்சை பிடித்த நான்கு தோட்டாக்கள் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே களத்தில் ஒரு அம்மா காப்பிப் பழத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

இருந்தாலும் ஆசை விடவில்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏங்க, மே மாசம் பேரன் வர்றானே, எங்க வைப்பீங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு, இப்போது சேலத்தில் வக்கீலாக இருக்கும் என் மாணவனுக்குப் போன் போட்டேன். அவன் பத்தாம் வகுப்பில் என்னிடம் அடி வாங்கியவன். அன்றைக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தான்.

"சார், லைசன்ஸ் இருக்கா?" இல்லை. "அவங்களுக்கு?" பெட்டியில் ஒரு லைசன்ஸ் புத்தகம் இருந்தது. அண்ணனுடைய அப்பா பெயரில். கடைசியாகப் புதுப்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "அப்ப வாங்கினா நீங்க குற்றவாளி, வித்தா அந்தம்மா குற்றவாளி. லைசன்ஸ் இல்லாம வெச்சிருந்தா ரெண்டு வருஷத்துக்குக் குறையாம, அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை. விக்கிறது அதைவிடப் பெரிய குற்றம் சார்."

பழம்பொருள்தானப்பா என்றேன். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்கிற நிலையில் இருந்தால்தான். சுடக்கூடியது என்றால் 1917 என்றாலும் நேற்றுச் செய்தது என்றாலும் ஒன்றுதான். இன்னொன்றும் சொன்னான். பாயிண்ட் 455 என்பது ராணுவத் தோட்டா போடுகிற அளவு, தடை செய்யப்பட்ட ரகம். முறையாக லைசன்ஸ் வாங்கிய சாதாரண ஆளுக்கே அது கிடைக்காது. பொதுமக்களுக்கென்று கான்பூர் தொழிற்சாலையில் செய்கிற ரிவால்வர் பாயிண்ட் 32.

அதற்கும் சும்மா கிடைத்துவிடாது. மனு போட வேண்டும், ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, எங்கே பூட்டி வைப்பாய் என்று கேட்பார்கள், கையாளப் பயிற்சி பெற வேண்டும். மாதக் கணக்கில் ஆகும். இந்தத் தாமதத்தைப் பற்றிப் புலம்புகிறவர்கள் நம் உறவிலேயே இருக்கிறார்கள். நானும் முன்பு ஒத்து ஊதியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், அந்தத் தாமதம்தான் அந்தச் சட்டத்திலேயே நல்ல பகுதி. ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்த ஆளை நான் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். அவன் கையில் ரிவால்வர் கொடுக்கக் கூடாது.

எனக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும்போது, 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர் இருக்கும் போஸ்டர் எங்கள் பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே பரங்கிமலையில் ஜெயித்தார். ஆனால் பழைய குரல் கடைசி வரை திரும்பவில்லை. ராதா ஜெயிலுக்குப் போனார். இரண்டு பேரும் எத்தனையோ படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். கையில் ரிவால்வர் இல்லாதிருந்தால் அன்றைய பேச்சு வாய்ச்சண்டையோடு போயிருக்குமோ என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. கோபம் எல்லோருக்கும் வரும், போகும். பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதுதான் கணக்கு.

சரி, என் கூச்சத்துக்குக் காரணம் இதுவரை சொன்னதல்ல. இனிதான் வருகிறது.

எண்பதுகளின் நடுவில், எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மலைக் கிராமத்திலிருந்து தினமும் ஆறு மைல் நடந்து வருவான். மூன்றாவது பெஞ்ச். மரவள்ளிக் காட்டைப் பன்றி தோண்டுகிறது என்று அவன் அப்பா ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் நான் வகுப்பில் சட்டம் ஒழுங்கு பற்றி அரை மணி நேரம் பேசினேன். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சமூக விரோதிகள் என்றேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை.

அதே வருஷங்களில் அண்ணன் வீட்டு மேல் அலமாரியில் இந்த வெப்லி இருந்திருக்கிறது. அதைத் தேடி யாரும் வரவில்லை. லைசன்ஸ் செத்துப்போய் முப்பது வருஷம் ஆன பிறகும் அது "மாமனார் காலத்துச் சாமான்". நானும் பெட்டியைத் திறந்ததும் கள்ளத் துப்பாக்கி என்று நினைக்கவில்லை. பழம்பொருள், கலைப்பொருள், என் பால்யகாலம் என்றெல்லாம்தான் நினைத்தேன். குடிசையில் இருந்தால் கள்ளத் துப்பாக்கி, பங்களாவில் இருந்தால் பழம்பொருள். இதை நான் யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. என் மண்டைக்குள்ளேயே அப்படித்தான் பதிந்திருக்கிறது என்று அன்று ராத்திரி தெரிந்தது.

இது எங்கிருந்து வந்தது என்று வரலாற்று வாத்தியாராக யோசித்தேன். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் ஆயுதம் வைக்க லைசன்ஸ் வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இதை எத்தனை வருஷம் உங்களுக்கு நடத்தியிருப்பேன், ஐந்து மார்க் கேள்வியாக. துரை மேஜையில் வெப்லி வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. சம்பள மேஜையில் அது ஏன் கிடந்தது? பணத்துக்குக் காவல் என்று அப்பா சொல்வார். அதன் வாய் வரிசையில் நின்ற ஜனங்களைப் பார்த்துத்தான் இருந்தது. நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றதால் எனக்கு அழகாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பையனின் தாத்தா அந்தப் பக்கம் நின்றிருக்கலாம்.

மூன்றாம் நாள் வக்கீல் மாணவன் ஏற்காட்டுக்கு வந்தான். அண்ணி பயந்து போயிருந்தார். "இத்தனை வருஷம் சும்மா கிடந்தது. இப்ப நாமளே போய்ச் சொன்னா, என் மேல கேஸ் போட்டா என்ன தம்பி பண்றது?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பேசாமல் ஏரியில் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மாணவன்தான் உறுதியாக நின்றான். வைத்திருக்கும் உரிமை முடிந்துபோன ஆயுதத்தைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்றான். பெட்டி எப்படிக் கிடைத்தது என்று ஒரு கடிதம் எழுதி, பழைய லைசன்ஸையும் வைத்து, மூன்று பேரும் போனோம். நான்கு மணி நேரம் ஆயிற்று. கேள்விகள் கேட்டார்கள். தோட்டாக்களை எண்ணினார்கள். ரசீது எழுதிக் கொடுத்தார்கள். இதுவரை வேறு ஒன்றும் இல்லை. நான் அட்வான்ஸ் கொடுத்ததையும் கடிதத்தில் எழுதச் சொன்னேன். அண்ணி ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அதைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது நெஞ்சு கனத்தது உண்மை. பழைய ஆயுதத்தின் மேல் ஆசை வைப்பது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. நம் ஏற்காட்டிலேயே வாழ்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அப்படி ஒரு ஆசைக்காரர்தான். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர். வாழ்நாள் முழுக்கக் கல் ஆயுதங்களாகச் சேர்த்தார். அவர் சேகரிப்பு இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் எல்லோரும் பார்க்க இருக்கிறது. அங்கே தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களும் இருக்கின்றன. அடுத்த முறை சென்னை வரும்போது பேரனை அங்கே கூட்டிப் போவதாக இருக்கிறேன்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருக்கும் வீடுகள் நம்மில் உண்டு. "அது சுடாதுப்பா" என்பீர்கள். விசையை அழுத்தும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். தனித் தோட்டத்தில் இருக்கிறோம், பாதுகாப்புக்கு வேண்டும் என்றால் முறையாக மனு போடுங்கள். லைசன்ஸ் உள்ள பெரியவருக்கு எழுபது வயது ஆகிவிட்டாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு ஒருவர் பெயருக்கு லைசன்ஸ் கேட்க 2016ஆம் வருஷத்து விதிகளில் வழி இருக்கிறது. அவர் இருக்கும்போதே செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிடுங்கள். நம் மலையிலும் பக்கத்து மலைகளிலும் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படையுங்கள் என்று போலீஸார் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்பு மலைக் கிராமத்துக்கு மட்டும்தான் என்று பங்களாக்காரர்கள் நினைக்க வேண்டாம்.

கடைசியாக, மூன்றாவது பெஞ்ச் பையனுக்கு. உனக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. உன் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இங்கே படிக்கிறார்கள், யாராவது உனக்குக் காட்டினால் நல்லது. அன்றைக்கு நான் சொன்ன சட்டம் சரி. அதை உன் முன்னால், உன் அப்பா உள்ளே இருந்தபோது, ஊர்ப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னது தப்பு. நீ வராதபோது உன் வீட்டுக்கு வந்து கூப்பிடாதது அதைவிடப் பெரிய தப்பு. ஆறு மைல் எனக்கு அப்போது ஒன்றும் தூரமில்லை. என்னை மன்னித்துவிடு தம்பி. வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நாள் வா, காப்பி சாப்பிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் சார்,
ஏற்காடு