இறக்கையோடு போன இடஒதுக்கீடு

விமானத்தைச் செய்வது யார் என்று கேட்டால் ‘விஞ்ஞானி’ என்கிறார்கள். சரி, விஞ்ஞானி வரைகிறார். துளை போட்டு, ரிவெட் அடித்து, பாகத்தோடு பாகம் பூட்டுவது அய்.டி.அய். படித்த ஃபிட்டர். ஒருவர் வெளியே நின்று அடிக்க, இன்னொருவர் உள்ளே ஒடுங்கி இரும்புக் கட்டையை அண்டக் கொடுக்க வேண்டும். ஷிப்டு முடிவில் ஒரு டிரில் பிட் கணக்கில் குறைந்தாலும் தேடி எடுக்காமல் வேலை நகராது. அலுமினியமோ கார்பன் இழையோ, மேலே போர்த்தும் தகட்டுக்கு அந்தத் தொழிலில் ‘ஸ்கின்’ என்று பெயர். அதாவது தோல். தோலைத் தொட்டவனைத் தீட்டு என்ற நாட்டில் இந்தத் தோலைத் தொட மட்டும் ‘தகுதி, திறமை’ வேண்டுமாம்! பறைக்குத் தோல் இழுத்துக் கட்டிய கைக்கு, செருப்புக்குத் துளை போட்டுத் தைத்த கைக்கு வராத வேலையா இது?

1940ல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய விமான ஆலை பின்னர் அரசுடையதாகி, 1964லிருந்து எச்.ஏ.எல். என்று நிற்கிறது. அரசு நிறுவனம் என்பதால் அங்கே இடஒதுக்கீடு உண்டு. அகில இந்தியத் தேர்வென்றால் நமக்கு 15 சதம், பழங்குடிகளுக்கு 7.5 சதம். இது எவரும் போட்ட பிச்சையல்ல. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடு என்று 1942லேயே வைஸ்ராய்க்கு எழுதிக் கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானத்துக்கு 2021ல் 83, 2025ல் 97 என்று மத்திய அரசு எச்.ஏ.எல்.லுக்கு ஆர்டர் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் இறக்கை கோயம்புத்தூரில் லார்சன் அண்ட் டூப்ரோவில் பூட்டப்படுகிறது. 2025 மார்ச்சில் முதல் ஜோடி போய்ச் சேர்ந்தது. நடு உடல் அய்தராபாத்தில் ஒரு தனியார் கம்பெனியில். வேலை இடம் மாறியது, பணம் மாறியது. இடஒதுக்கீடு மட்டும் பெங்களூர் கேட்டைத் தாண்டவில்லை. தனியாருக்கு அந்தச் சட்டமே கிடையாது. பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற என் ஆத்தாளுடையதும்தானே?

நான் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பதே 1969ல் 14 வங்கிகள் அரசுடைமையானதால்தான். முதலாளி கையிலேயே இருந்திருந்தால் செஞ்சி காலனிப் பையனை உள்ளே விட்டிருப்பானா? எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஃபிட்டர் பாஸ் பண்ணிவிட்டு ஒரு கம்பெனிக்குப் போனான். வேலை பற்றி ரெண்டு கேள்வி. அப்புறம், “செஞ்சியில எந்தத் தெருப்பா? குலதெய்வம் எது?” தம்பி திரும்பி வந்துவிட்டான். ரிவெட்டுக்கு எதுக்கய்யா குலதெய்வம்?

‘தனியாருக்கு நிபந்தனை போட முடியாது’ என்கிறார்கள். பொய். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்கும் சரக்கில் 4 சதத்தை தலித், பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012லேயே ஆணை இருக்கிறது. முதலாளிக்குப் போட முடிந்த சதவீதத்தைத் தொழிலாளிக்குப் போட ஏன் கை வரவில்லை? தனியார் துறை இடஒதுக்கீடு பற்றித் தேசிய அளவில் பேசுவோம் என்று 2004ல் மத்தியில் ஆட்சிக்கு வந்தவர்கள் எழுதி வைத்தார்கள். பேசினார்கள், பேசினார்கள், பேச்சோடு போனது.

2025 ஜூலையில் எங்கள் கோட்டையை யுனெஸ்கோ உலகச் சொத்தாக்கியது. ராஜகிரியில் ஏறுகிறவர்கள் ராஜாக்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். பக்கத்தில் சின்னதாக ஒரு குன்றும் இருக்கிறது, சக்கிலிதுர்க்கம் என்று. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பாரில்லை. கல் சுமந்தவனுக்குப் பட்டயம் கிடையாது. நாளைக்கு விமானத்துக்கும் இதே கதைதானா?

கோரிக்கை ஒன்றுதான். அரசுப் பணத்தில் பூட்டப்படும் ஒவ்வொரு பாகத்தின் ஒப்பந்தத்திலும் இடஒதுக்கீட்டையும் எழுது. எத்தனை பேரை எடுத்தாய் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டு. டிரில் பிட்டுக்குக் கணக்கு வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஆள் கணக்கு வைக்கத் தெரியாதா?