கடற்கொள்ளைக் கதைக்கு என்ன டோன்?

அடுத்த செமஸ்டர்ல நம்ம இதழ்ல ஒரு கடற்கொள்ளையர் தொடர்கதை வரப்போகுது. எத்தனை வாரம், யார் படம் வரையறதுன்னு எல்லாம் முடிவாயிடுச்சு. டோன் மட்டும் முடிவாகல. ஒரு கோஷ்டி 'ஜாக் ஸ்பாரோ மாதிரி ஜாலியா போலாம்'ங்குது. இன்னொரு கோஷ்டிக்கு ரத்தமும் இருட்டும் வேணும். என் ஓட்டு ரெண்டுக்கும் இல்ல.

எடமலைப்பட்டி புதூர்ல இருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்குக் கொள்ளையன்னா ஒத்தக் கால், தோள்ல கிளி, புதையல் மேப். இதெல்லாம் 1883-ல புத்தகமா வந்த 'ட்ரெஷர் ஐலண்ட்' கொடுத்த சாமான். ஆனா தமிழ் பேப்பர்ல அதே வார்த்தைக்கு அர்த்தமே வேற. கோடியக்கரை பக்கம் ராத்திரி மீன் பிடிக்கப் போன நாகை மீனவர்களை வழிமறிச்சு, அடிச்சு, வலை, ஜிபிஎஸ், பிடிச்ச மீன் எல்லாத்தையும் பறிச்சவங்களைத்தான் 'கடற்கொள்ளையர்'னு போடுறாங்க. வலை போன குடும்பத்துக்கு அது கடன். நம்ம காலேஜ்லயே அந்தக் கரையில இருந்து வந்து படிக்கறவங்க இருக்காங்க. முழுக்க காமெடின்னா அவங்க முதல் அத்தியாயத்தோட நிறுத்திடுவாங்க.

அப்போ டார்க்கா? அதுலயும் சிக்கல் இருக்கு. யாரைக் கொள்ளையன்னு சொல்றதுங்கறதே ஒரு அரசியல். கோழிக்கோடு சாமூதிரியோட கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்ச்சுகீசியர் கொள்ளையர்னாங்க. நாலாவது மரைக்காயரை 1600-ல கோவாவுல கொன்னாங்க. மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரேயையும் ஆங்கிலேயர் அப்படித்தான் சொன்னாங்க. இன்னைக்கு மும்பையில இந்தியக் கடற்படைத் தளத்துக்கே அவர் பேர். சாண்டில்யன் 'ஜலதீபம்' எழுதினதும் அவர் காலத்தை வச்சுத்தான். வில்லனைப் பொறப்புலயே கெட்டவனா காட்டுற டார்க் கதையில இந்தக் கேள்விக்கே இடமில்ல.

நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு: 1965-ல வந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. கதையோட மூலம் 'கேப்டன் பிளட்'தான். ஆனா எம்.ஜி.ஆரோட மணிமாறன் ஒரு வைத்தியர். காயம்பட்ட புரட்சிக்காரங்களுக்கு மருந்து போட்டதால அடிமையா விக்கப்பட்டு, அப்புறம்தான் கடலுக்குப் போறார். படத்துல பாட்டு இருக்கு, கத்திச் சண்டை இருக்கு, நாகேஷ் இருக்கார். இவ்வளவு இருந்தும் 'இவன் ஏன் கொள்ளையன் ஆனான்?'ங்கறதை படம் மறக்கவே இல்ல.

அதனால என் யோசனை இது. கப்பலுக்குள்ள எவ்வளவு வேணா சிரிக்கலாம்: சமையல்காரன் லொள்ளு, பங்கு பிரிக்கறதுல சண்டை, சுக்கான் பிடிக்கத் தெரியாதவன் விடுற பந்தா. கொள்ளை நடக்கற சீன்ல மட்டும் கதையைப் பறிகொடுத்தவன் படகுல இருந்து சொல்லணும். அங்க ஜோக் வேண்டாம். வசனம் ராஜா காலத்துத் தூய தமிழா இல்லாம, கரையோர மக்கள் பேசுற தமிழா இருக்கட்டும். அது நமக்கு வராது. நாகை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டு எழுதணும்.

முதல் அத்தியாயத்தை அவங்ககிட்டயே படிக்கக் கொடுப்போம். அவங்க சிரிக்கற இடத்துல சிரிப்பை வச்சுக்கலாம். முகம் மாறுற இடத்தைத் திருத்தி எழுதலாம். ஓட்டெடுப்பு அப்புறம் வச்சுக்கலாமே!