கடல் கடந்து ஒரு கால் மணி நேரக் கல்யாணம்

மாப்பிள்ளை உடம்பில் புதுக் கோட்டு. மணப்பெண் கையில் சிறு பூச்செண்டு.

கூட வந்திருப்பவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்! ஒருவர் மாப்பிள்ளையின் நண்பர். மற்றவர் மணப்பெண்ணின் தங்கை. சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்கள்.

அப்பா வரவில்லை. அம்மா வரவில்லை. அத்தை, மாமா, பாட்டி, தாத்தா யாருமே வரவில்லை.

நகரசபை அதிகாரி மேஜைக்குப் பின்னால் நிற்கிறார். "இவரைக் கணவராக ஏற்கச் சம்மதமா?" என்று பெண்ணிடம் கேட்கிறார். "சம்மதம்" என்கிறாள் பெண். மாப்பிள்ளையிடமும் அதே கேள்வி, அதே பதில். மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போடுகிறார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

வெளியே அடுத்த ஜோடி காத்திருக்கிறது!

சைப்ரஸ் தீவில், லார்னாகா என்ற கடற்கரை ஊரில், இது வழக்கமான காட்சி.

காதல் தெய்வம் பிறந்த தீவு

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் இருக்கிறது சைப்ரஸ். அந்தக் கடலில் உள்ள தீவுகளில் மூன்றாவது பெரிய தீவு அது. வெயிலுக்கும் நீலக் கடலுக்கும் பெயர் பெற்றது. கிரேக்கர்களின் காதல் தெய்வமான அப்ரோதிதே, கடல் நுரையில் இருந்து எழுந்து இந்தத் தீவின் கரையில்தான் கால் வைத்தாள் என்று கதை உண்டு. பாபோஸ் என்ற ஊருக்கு அருகே, "இதுதான் அந்த இடம்" என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள்.

காதல் தெய்வத்தின் ஊரில் கல்யாணம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இங்கிலாந்தில் இருந்து எத்தனையோ ஜோடிகள் இதற்காகவே வருகின்றன. அவர்கள் ஊரில் குளிரும் மழையும். இங்கே பத்து, இருபது பேரோடு வந்து இறங்கி, கடற்கரையில் கல்யாணத்தை நடத்தி, அப்படியே தேனிலவையும் முடித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். இது ஆசைக்காக வருகிற கூட்டம். காசு இருக்கிறது, வருகிறார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

லார்னாகாவில் கையெழுத்துப் போட்ட அந்த ஜோடி இந்த ரகம் அல்ல. அவர்கள் ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல. சொந்த நாட்டில் வழி இல்லாமல் வந்தவர்கள்!

அவர்கள் லெபனான் நாட்டுக்காரர்கள்.

உள்ளூரில் இல்லாத உரிமை

லெபனான், சைப்ரசுக்கு அடுத்த வீடு மாதிரி. நடுவில் சுமார் 200 கிலோ மீட்டர் கடல். விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

லெபனான் சர்க்கார் அங்கீகரித்த மதப் பிரிவுகள் 18. சன்னி முஸ்லிம், ஷியா முஸ்லிம், துரூஸ், மரோனைட்டு கிறிஸ்தவர், கிரேக்க ஆர்த்தடக்ஸ் கிறிஸ்தவர் என்று அந்தப் பட்டியல் நீளும். கல்யாணம் ஆனாலும் சரி, விவாகரத்து ஆனாலும் சரி, அந்தந்த மதத்தின் சட்டப்படிதான் நடக்கவேண்டும். மதத்தை விட்டுவிட்டு, சர்க்கார் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ள அங்கே சட்டம் கிடையாது.

ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒரு கிறிஸ்தவ வாலிபரும் காதலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாலிபர் முஸ்லிமாக மாறினால் கல்யாணம் உண்டு. மாறாவிட்டால் இல்லை. சிலர் பெயருக்கு மாறிவிடுகிறார்கள். மனதில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. கல்யாண வாழ்க்கையின் முதல் படியே பொய்!

இதில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள்.

வெளிநாட்டில் செய்துகொண்ட பதிவுக் கல்யாணம் லெபனானில் செல்லும்! பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1936-ல், போட்ட உத்தரவு அதற்கு வழி செய்கிறது. பெய்ரூட்டில் முடியாது என்கிற அதே கல்யாணத்தை லார்னாகாவில் செய்து கொண்டு வந்தால், அதே சர்க்கார் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறது.

அதோடு முடியவில்லை. சைப்ரசில் கல்யாணம் செய்த ஜோடிக்குள் பிறகு தகராறு வந்தால், பெய்ரூட்டில் உள்ள நீதிபதி எந்தச் சட்டத்தைப் புரட்டுவார்? சைப்ரஸ் சட்டத்தை! சொந்த நாட்டு நீதிபதி, சொந்த நாட்டு ஜோடிக்கு, அந்நிய நாட்டுச் சட்டப்படி தீர்ப்புச் சொல்கிறார். இருவரும் முஸ்லிம்களாக இருந்தால் மட்டும் ஷரியா கோர்ட்டு விசாரிக்கும்.

பக்கத்து நாட்டிலும் இதே கதை

லெபனானுக்குத் தெற்கே இஸ்ரேல். அங்கேயும் கல்யாணம் மதத்தின் கையில்தான். துருக்கியர் ஆண்ட காலத்து ஏற்பாடு அது. யூதர்களின் கல்யாணமும் விவாகரத்தும் யூத மதக் கோர்ட்டின் அதிகாரத்தில் உள்ளவை என்று 1953-ல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

யூதர் ஒருவர் கிறிஸ்தவப் பெண்ணை அங்கே மணக்க முடியாது. அது மட்டுமா? கோகன் எனப்படும் பழைய குருமார் வம்சத்தில் பிறந்த ஆண், விவாகரத்து ஆன பெண்ணை மணக்கக் கூடாது என்பது மத விதி. இருவரும் யூதர்கள், இருவருக்கும் சம்மதம், இருந்தும் முடியாது! பழைய சோவியத் நாடுகளில் இருந்து குடியேறியவர்களில் பல லட்சம் பேருக்கு இன்னொரு சிக்கல். தந்தை யூதர், தாய் யூதர் அல்ல. குடியுரிமை கொடுத்த சர்க்கார் அவர்களை ஏற்றுக்கொண்டது. கல்யாணம் என்று போனால், மதக் கோர்ட்டு "நீ யூதன் அல்ல" என்கிறது.

அவர்களும் சைப்ரசுக்குத்தான் விமானம் ஏறுகிறார்கள்.

சைப்ரசில் நடந்த அப்படி ஒரு கல்யாணம் இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. மாப்பிள்ளை இஸ்ரேலில் வசித்த யூதர். மணப்பெண் பெல்ஜியம் நாட்டுக் கிறிஸ்தவர். "பதிவு செய்ய மாட்டோம்" என்றது உள்நாட்டு இலாகா. "சர்டிபிகேட்டைப் பார், எழுதிக்கொள். அதற்குமேல் ஆராய்ச்சி உன் வேலை அல்ல" என்ற கருத்தில் 1963-ல் தீர்ப்பு வந்தது. அன்று முதல் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் அது ஒருவழிக் கதவு. யூதத் தம்பதிகள் சைப்ரசில் கல்யாணம் செய்துகொண்டாலும், இஸ்ரேலில் விவாகரத்து என்று வந்தால் மதக் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். முடிச்சுப் போடுவது தீவில். அவிழ்ப்பது மதக் கோர்ட்டில்!

லெபனானும் இஸ்ரேலும் 1948 முதல் எத்தனையோ முறை சண்டையிட்ட நாடுகள். அந்தப் பகையாளி நாடுகளின் பிள்ளைகள் ஒரே நகரசபை வாசலில், ஒரே காரணத்துக்காக, அடுத்தடுத்துக் காத்திருக்கிறார்கள்.

சைப்ரஸ் மட்டும் என்ன?

சைப்ரசை மட்டும் ஏகமாகப் புகழ்ந்துவிடக் கூடாது. அந்தத் தீவு 1960-ல் இங்கிலாந்திடம் இருந்து விடுதலை பெற்றது. இங்கிலாந்தின் ஆட்சிக் காலத்திலேயே அங்கே பதிவுக் கல்யாணச் சட்டம் இருந்தது. யாருக்கு? வெளிநாட்டாருக்கும் மற்றவர்களுக்கும்! தீவில் பெரும்பான்மையாக உள்ள கிரேக்க ஆர்த்தடக்ஸ் மக்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டால், அது மாதா கோவிலில்தான் நடக்கவேண்டும். இதற்காக அரசியல் சட்டத்தையே 1989-ல் திருத்தினார்கள். 1990-ல்தான் அவர்களுக்கும் பதிவுக் கல்யாண உரிமை கிடைத்தது.

விருந்தாளிக்கு வைத்த பலகாரம், வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்க அத்தனை வருஷம்!

அந்த உரிமை வந்ததால் சைப்ரசில் மாதா கோவில்கள் இடிந்து விழுந்துவிட்டனவா? இல்லை. கோவிலில் தாலி... அங்கே தாலி இல்லை. மாலை போன்ற கிரீடம் வைப்பார்கள். அது இன்றும் நடக்கிறது. கிராமங்களில் கல்யாணம் என்றால் ஊரே திரள்கிறது. கோதுமையையும் ஆட்டுக்கறியையும் சேர்த்து ரெசி என்ற சோறு பெரிய அண்டாக்களில் வேகும். மணமக்கள் ஆடும்போது, உறவினர்கள் பண நோட்டுகளை அவர்கள் உடையில் ஊசியால் குத்திவிடுவார்கள். மொய் எழுதும் வேலை மிச்சம்!

சிறிய கல்யாணம் நல்லதுதான்

கடன் வாங்கிப் பந்தல் போட்டு, ஆயிரம் பேருக்கு இலை போட்டுவிட்டு, பத்து வருஷம் வட்டி கட்டும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு, இரண்டு சாட்சிகளோடு முடிகிற கல்யாணம் நல்ல முன்மாதிரியாகத் தோன்றும். தோன்றட்டும். சிக்கனமான கல்யாணம் நல்லதுதான்.

ஆனால் யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மணமக்கள். விமான டிக்கெட்டும் விசாவும் அதை முடிவு செய்யக் கூடாது.

லெபனான்காரர் சைப்ரசுக்குப் போக விசா வேண்டும். பிறப்புச் சர்டிபிகேட்டு, "இவர் இன்னும் கல்யாணம் ஆகாதவர்" என்ற அத்தாட்சி, பாஸ்போர்ட்டு எல்லாம் வேண்டும். சாதாரணமாக மனுக் கொடுத்தால் 15 நாள் பொறுக்கவேண்டும். அவசரம் என்றால் கூடுதல் பணம். ஓட்டல் செலவு வேறு. விமானம், ஓட்டல், நகரசபைக் கட்டணம், பூச்செண்டு, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாகப் போட்டு விற்கும் பயண ஏஜெண்டுகள் பெய்ரூட்டிலும் டெல் அவீவிலும் இருக்கிறார்கள். சட்டத்தில் ஓட்டை, அந்த ஓட்டையில் ஒரு வியாபாரம்!

பாட்டியையும் தாத்தாவையும் அழைத்துப்போக எத்தனை பேருக்கு வசதி உண்டு? 2019-ல் லெபனானில் பெரும் பணமுடை வந்தது. பாங்கியில் போட்ட பணத்தை மக்கள் எடுக்க முடியவில்லை. அந்நாட்டுப் பணத்தின் மதிப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அதன் பிறகு தீவுக் கல்யாணமும் பலருக்கு எட்டாக் கனி ஆகிவிட்டது. 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, காசு உள்ளவர்களுக்கும் வழி அடைந்தது.

ஆக, காசு உள்ளவர்களுக்குக் கடல் தாண்டிச் சுதந்திரம். காசு இல்லாதவர்கள் மதம் மாறவேண்டும்; அல்லது பிரியவேண்டும். இது என்ன நியாயம்?

மதத் தலைவர்கள் சொல்வது என்ன?

லெபனானில் சட்டம் கொண்டுவர முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1998-ல் ஜனாதிபதி இலியாஸ் ஹிராவி ஒரு மசோதா கொண்டுவந்தார். விரும்பியவர்கள் மட்டும் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பது அது. மந்திரிசபை ஏற்றது. மதத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிரதம மந்திரி ரபீக் ஹரீரி கையெழுத்துப் போட மறுத்தார். மசோதா அங்கேயே நின்றது.

2012-ல் ஒரு துணிச்சலான ஜோடி, தங்கள் பதிவேட்டில் இருந்து மதத்தின் பெயரை நீக்கச் செய்துவிட்டு, லெபனான் மண்ணிலேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டது. "எந்த மதத்திலும் சேராதவர்களுக்கு எந்த மதச் சட்டம்?" என்பது அவர்கள் வாதம். உள்நாட்டு மந்திரி அதைப் பதிவு செய்ய அனுமதித்தார். அதே வழியில் போன மற்ற ஜோடிகள் பலருக்குப் பதிவு கிடைக்கவில்லை. 2019-ல் ஒரு பெண் மந்திரி, "இதைப் பற்றிப் பேசுவோம்" என்று சொன்னதற்கே எதிர்ப்புக் கிளம்பியது.

மதத் தலைவர்களின் கவலை புரியாதது அல்ல. லெபனானில் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இத்தனை பிரிவினரும் ஒரே நாட்டில் வாழ, ஒவ்வொருவரின் வழக்கத்திலும் மற்றவர் கை வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். குடும்பம் கலைந்தால் மதமும் கலையும் என்ற பயம் வேறு.

ஆனால் விரும்பாதவர் மேல் அந்த மசோதா எதையும் திணிக்கவில்லையே! மசூதியில் மணக்க விரும்பியவர் மசூதியில் மணக்கட்டும். மாதா கோவிலுக்குப் போகிறவர் போகட்டும். மூன்றாவதாக ஒரு கதவு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அந்தக் கதவு இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. 200 கிலோ மீட்டருக்கு அப்பால் கடலுக்கு நடுவே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதை ஊருக்குள் கொண்டுவந்து வைப்பதில் என்ன நஷ்டம்?

இப்போது கடலைக்கூடத் தாண்ட வேண்டாம் என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து அதிகாரி ஒருவர் முன்னால், கம்ப்யூட்டர் திரை வழியாகவே, வீட்டில் இருந்தபடி பதிவுக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இஸ்ரேல்காரர்கள் செய்கிறார்கள்; லெபனான்காரர்களும் செய்கிறார்கள். அப்படி நடந்த கல்யாணங்களைப் பதிவு செய்யவேண்டும் என்று இஸ்ரேல் சுப்ரீம் கோர்ட்டு 2023-ல் தீர்ப்புச் சொன்னது. அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கல்யாணத்தை நடத்தி வைக்கிறவர் மட்டும் உலகத்தின் மறுகோடியில் இருப்பார்!

லார்னாகா ஜோடிக்குத் திரும்புவோம். கல்யாணம் முடிந்ததும், கடற்கரைச் சாலையில் ஈச்சை மரங்களின் நிழலில் நான்கு பேரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு டெலிபோன் போகிறது. பிறகு சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஓட்டம். சைப்ரஸ் வெளிநாட்டு இலாகாவில் ஒரு முத்திரை. லெபனான் தூதரகத்தில் ஒரு முத்திரை. ஊருக்குத் திரும்பியதும், பெண்ணின் பெயரை அப்பா வீட்டுப் பதிவேட்டில் இருந்து எடுத்து, கணவர் வீட்டுப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்தப் பதிவேட்டில் மதத்துக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது.